இறங்க மட்டும்

எங்கள் கட்டிடத்தில் லிஃப்ட் இறங்க மட்டும்தான். கீழ்த்தளத்தில் அதன் கம்பிக் கதவுக்குப் பக்கத்தில் ஓர் அட்டை தொங்குகிறது: ‘ஏறப் படி. இறங்க லிஃப்ட்.’ எழுதியது என் கணவர். அட்டை மட்டும் போதாது என்று லிஃப்டின் தரைப்பலகைக்குக் கீழே ஒரு ஸ்விட்சும் வைத்திருக்கிறார். உள்ளே யாராவது நின்றால் அது அழுந்தும். அழுந்தினால் லிஃப்ட் மேலே போகாது, கீழே மட்டும் வரும். ஆள் வெளியேறிக் கதவைச் சாத்தியதும் காலியாக மேலே ஏறிக்கொள்ளும்.

ஏழு மாடி. நூற்றிருபத்தாறு படி. ஏழாவது மாடியில், லிஃப்ட் மெஷின் இருக்கும் அறையை ஒட்டிய வீட்டில் நாங்கள் மூன்று பேர் இருக்கிறோம். நான், அவர், அவருடைய அம்மா. எனக்கு அத்தை. அத்தைக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. வீட்டுக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பார். படி ஏற முடியாது. அதனால் அந்த அட்டை தொங்கிய நாளிலிருந்து கீழே இறங்கவே இல்லை. ஐந்து மாதம் ஆகிறது.

“இறங்குறது ஒரு நிமிஷ வேலை. திரும்பி வர்றதுக்கு எனக்கு ரெக்கை முளைக்கணும்,” என்பார்.

என் கணவர் பத்தொன்பது வருடமாக லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள முக்கால்வாசி லிஃப்டுகளின் அடிவயிறு அவருக்குத் தெரியும். போன வருடம் எங்கள் கட்டிடத்து மோட்டார் தளர்ந்துபோனது. ஆட்களை ஏற்றிக்கொண்டு மேலே போகும்போது திணறியது. புது மோட்டார் கேட்டதற்கு, இருப்பதை வைத்து ஓட்டு என்று ஓனர் சொல்லிவிட்டார். மோட்டார் கருகிவிடக் கூடாதே என்றுதான் என் கணவர் முதலில் அந்த அட்டையைத் தொங்கவிட்டார். அந்த வாரம் மெஷின் அறையில் மீட்டர் மாட்டிப் பார்த்தபோது, முள் தலைகீழாகத் திரும்பியது. லிஃப்ட் கரன்ட்டை எடுக்கவில்லை. கொடுத்தது.

இதில் மாயம் எதுவும் இல்லை. லிஃப்டின் கயிறு மேலே ஒரு சக்கரத்தில் தொங்குகிறது. ஒரு பக்கம் நாம் நிற்கும் கூண்டு, மறுபக்கம் இரும்பு எடைக்கட்டு. கூண்டின் எடையோடு மூன்று ஆள் எடை சேர்த்து அந்தக் கட்டைச் செய்திருப்பார்கள். கூண்டு காலியாக இருந்தால் எடைக்கட்டு கனம், அது இறங்கும், கூண்டு தானாக மேலே போகும். ஆறு பேர் ஏறி நின்றால் ஆட்கள் கனம், கூண்டு தானாகக் கீழே வரும். இரண்டு தடவையும் மோட்டார் சும்மா சுற்றப்படுகிறது. சுற்றப்படும் மோட்டார் கரன்ட் கொடுக்கும். அவர் ஆறு பழைய பேட்டரிகளைக் கொண்டுவந்து, ஒயரை மாற்றிக் கட்டி, அந்தக் கரன்ட்டைப் பிடித்து வைத்தார். பிறகு ஒரு நாள் வெளியிலிருந்து வரும் மின்கம்பியைத் தன் கையால் துண்டித்தார். லிஃப்ட் ஓடியது. சாயங்காலம் ஆறு மணிக்கு மாடிப்படியின் ஏழு விளக்குகளும் அதே பேட்டரியில் எரிந்தன.

ஆறாவது மாடியில் சட்டை தைக்கும் பட்டறை இருக்கிறது. அறுபது பெண்கள். அவர்களில் பட்டன் தைக்கும் அக்கா ஒருவர் உண்டு, எல்லோரும் அவரைப் பட்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த அக்கா ஒரு நாள் படியில் என் கணவரை நிறுத்திக் கேட்டார்.

“என்னண்ணே, உங்க லிஃப்டு சும்மாவே ஓடுதாமே?”

“ஆமாக்கா. கரன்ட்டே வேணாம்.”

“எங்க வீட்டுல ஒருத்தர் சும்மாவே இருக்காரு. அவருக்கும் ஒரு ஒயர் மாட்டிப் பாருங்களேன், மிக்ஸியாவது ஓடட்டும்.”

படி முழுக்கச் சிரிப்பு. அவரும் சிரித்தார். ஆனால் அன்றிலிருந்து அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. சும்மா லிஃப்ட்.

நான் பி.எஸ்ஸி. பிஸிக்ஸ். இதைச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் இது எல்லாவற்றுக்கும் நான்தான் சாட்சி என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். மின்கம்பியைத் துண்டித்த மறுநாள் நான் மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். அவர் கொடிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு கைகளை மேலும் கீழும் ஆட்டி விளக்கினார்.

“காலியா மேல போறப்ப எடைக்கட்டு இழுக்குது. நெறைஞ்சு கீழ வர்றப்ப ஆளுங்க இழுக்குறாங்க. ரெண்டு பக்கமும் வரவு. ஆளை ஏத்தினாத்தான் செலவு. அதை நிறுத்திட்டா மிச்சம் எல்லாம் நமக்கு. உலகத்துல எவனுக்கும் இது தோணல பாரு! சரிதானே, சயின்ஸ்?”

என்னை அவர் சயின்ஸ் என்றுதான் கூப்பிடுவார்.

“ம்,” என்றேன்.

என் வாயில் மூன்று கிளிப்புகள் இருந்தன. கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லுங்கள் என்பதற்காகப் போட்ட ‘ம்’ அது. கிளிப்பை எடுத்துவிட்டு, அந்த ஆட்கள் எப்படி மேலே போனார்கள் என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அவர் கீழே இறங்கிப் போய்விட்டார். சாயங்காலத்துக்குள் கட்டிடம் முழுக்கத் தெரிந்துவிட்டது. “என் வீட்டுக்காரி பிஸிக்ஸ். அவளே சரின்னுட்டா.”

மறுநாள் சொல்லியிருக்கலாம். அதற்கு மறுநாளும் சொல்லியிருக்கலாம். ஒரு நாள் தள்ளிப்போனால் சொல்வதற்கு இரண்டு விஷயம் ஆகிவிடுகிறது: அது தப்பு என்பது ஒன்று, நேற்று ஏன் சொல்லவில்லை என்பது இன்னொன்று. நாள் போகப் போக இரண்டாவது பெரிதாகிக்கொண்டே போனது.

ஓனருக்கு விஷயம் போனது. அறுபது நாள் ஓட்டிக் காட்டு என்றார். அறுபது நாளில் ஒரு ஆளைக்கூட மேலே ஏற்றக் கூடாது, வெளிக் கரன்ட் ஒரு சொட்டுக்கூட எடுக்கக் கூடாது. ஓடிவிட்டால் தன்னுடைய பதினோரு கட்டிடங்களிலும் இதையே போடுவதாகச் சொன்னார். கணவர் பெயரிலேயே போடுவதாகவும் சொன்னார். என் கணவர் அன்று சந்தோஷத்தில் அத்தையின் காலைத் தொட்டுக் கும்பிடாத குறைதான்.

குறிப்பேடு எழுதுவது என் வேலை. என் கையெழுத்து நன்றாக இருக்கும். தேதி, பேட்டரியின் காலை அளவு, மாலை அளவு, லிஃப்டில் இறங்கியவர்கள், லிஃப்டில் ஏறியவர்கள். கடைசிக் கட்டத்தில் தினமும் பூஜ்யம் போடுவேன். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையே எனக்கு உறுதியாகிவிட்டது. பட்டறை திறந்திருக்கும் நாட்களில் பேட்டரி ஏறியது. பட்டறை மூடிய நாளில் இறங்கியது.

“ஞாயித்துக்கிழமை பேட்டரியும் ஓய்வு எடுக்கும்ல,” என்றார் அவர்.

அறுபது பேர் காலையில் நூற்றெட்டுப் படி ஏறுகிறார்கள். மதியம் லிஃப்டில் இறங்கி, சாப்பிட்டு, மறுபடி ஏறுகிறார்கள். சாயங்காலம் இறங்குகிறார்கள். அவர்கள் கால்கள் மேலே கொண்டுபோய் வைத்ததை லிஃப்ட் கீழே கொண்டுவந்து வைக்கிறது. அந்த வழியில் கிடைப்பதில் பாதி உராய்வில் போய், மீதி பேட்டரிக்குள் போகிறது. அதில் ஏழு விளக்குகள் நாலரை மணி நேரம் எரிகின்றன. அவ்வளவுதான் அந்த மெஷின்.

இன்னொரு கணக்கும் போட்டு வைத்திருந்தேன். அத்தையின் எடை எழுபது கிலோ. கீழ்த்தளத்திலிருந்து ஏழாவது மாடி இருபத்தோரு மீட்டர். அவரை ஒரு தடவை தூக்கிவர ஆகும் சக்தியில் மாடிப்படியின் ஒரு விளக்கு நாற்பத்தெட்டு நிமிடம் எரியும். இந்தக் கணக்கை ஏட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி, பிறகு அழித்தேன்.

சின்னத்தை, அத்தையின் தங்கை. இரண்டு தெரு தள்ளி வீடு. அவருக்கு மூச்சு வாங்கும், ஏழு மாடி முடியாது. அதனால் சாயங்காலம் எதிர் நடைபாதையில் வந்து நின்று போன் பண்ணுவார். அத்தை எங்கள் வீட்டை ஒட்டியே இருக்கும் மொட்டை மாடியின் சுவரில் சாய்ந்துகொண்டு பேசுவார். ஐந்து மாதமாக அக்கா தங்கை சந்திப்பு அப்படித்தான்.

“என்னடி, பச்சைச் சேலைல நிக்கிறே?”

“உனக்குக் கண்ணும் போச்சா? இது நீலம்.”

அந்தச் செவ்வாய்க்கிழமை சின்னத்தை சண்டை போடாமல் பேசினார். அவருடைய பையன் வந்து தன் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போகிறான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரயில். இரண்டு நாள் பயணம். இனி அங்கேதான். அத்தை “சரி, சரி” என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தார். போனை வைத்த பிறகும் ஒரு தடவை சரி என்றார்.

அன்று சாப்பிடும்போது மகனிடம் சொன்னார்.

“வெள்ளிக்கிழமை நான் கீழ இறங்கணும்.”

“இறங்கும்மா. யார் வேணாம்னா?”

“ஏறணும்டா.”

என் கணவர் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு யோசித்தார். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அறுபது நாள் முடிகிறது.

“ஒரே ஒரு நாள் கழிச்சு இறங்கேன்.”

“ஒரு நாள் கழிச்சு அவ இங்க இருக்க மாட்டா.”

“அம்பத்தாறு நாளும்மா! ஒருத்தரை ஏத்தலை. இப்ப உனக்காகச் சாவி போட்டு லிஃப்டை ஏத்தினேன்னு வை, அப்புறம் ரெண்டாவது மாடிக்காரர் கேப்பாரு, மூணாவது மாடியில மூட்டையோட வந்து நிப்பாங்க. நான் ஏறலையா? வேலை முடிஞ்சு வந்து தினமும் ஏறலையா? இவ ஏறலையா?”

“ஏறுறீங்க. உங்களுக்குக் கால் இருக்கு.”

“என்ன சயின்ஸ், நீயே சொல்லு. ரூல்னா ரூல்தானே?”

நான் டம்ளரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். நாற்பத்தெட்டு நிமிடம் என்பது நாக்கின் நுனிவரை வந்தது. தண்ணீர் டம்ளரை மீறி வழிந்தது. துணி எடுத்துத் துடைத்தேன். யாருக்கும் பதில் தேவைப்படாத மாதிரி பேச்சு முடிந்துவிட்டது.

வியாழக்கிழமை ஓனரின் இன்ஜினியர் வந்தார். சட்டைப் பையில் மூன்று பேனா. மேலே வந்து சேர்ந்ததும் எங்கள் நாற்காலியில் விழுந்து, இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார். குறிப்பேட்டைப் புரட்டினார்.

“ஞாயித்துக்கிழமை மட்டும் ஏன் இறங்குது?”

“பேட்டரிக்கு ஓய்வு சார்.”

இன்ஜினியர் அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சிரித்தார். என் கணவர் மெஷின் அறையைத் திறக்கப் போனதும் இன்ஜினியர் குரலைத் தாழ்த்தினார்.

“மேடம் பிஸிக்ஸாமே?”

தலையாட்டினேன்.

“அப்ப உங்களுக்குத் தெரியும்.”

இத்தனை நாள் மனதுக்குள் ஒத்திகை பார்த்த வாக்கியங்களில் ஒன்றுகூட வரவில்லை. “ஆறாவது மாடி... அவங்க ஏறுறாங்க. அதுலதான் ஓடுது,” என்றேன்.

“ஆமா. ஏறட்டுமே. எனக்கும் தெரியும், ஓனருக்கும் தெரியும். ஏறுறதுக்கு எவனும் மீட்டர் வைக்கலையே மேடம். பதினோரு கட்டிடம், எல்லாத்துலயும் படி இருக்கு. அட்டை மாட்டினாப் போதும்.” பேனா ஒன்றை எடுத்து மூடியைத் திறந்து, மறுபடி மூடினார். “உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிக்காதீங்க. பாவம், சந்தோஷமா இருக்காரு. சனிக்கிழமை சரிபார்த்தவர்னு நீங்க ஒரு கையெழுத்துப் போடுங்க. பேருக்குப் பின்னாடி பி.எஸ்ஸி. போடுங்க. நல்லா இருக்கும்.”

பிறகு லிஃப்டில் இறங்கிப் போனார். என் வாய் திறக்காததால்தான் அந்த மெஷின் ஓடுகிறது என்று அதுவரை நினைத்திருந்தேன். திறந்தாலும் ஓடும் என்று அன்று தெரிந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் அத்தை கையில் பையோடு வாசலில் நின்றார். என் கணவர் வேலைக்குப் போயிருந்தார்.

“வா கண்ணு, போகலாம்.”

“அத்தை, திரும்பி எப்படி...”

“அதுக்குத்தானே நீ படிச்சிருக்கே. யோசிச்சுக்கிட்டே வா.”

பட்டறையின் சாப்பாட்டு நேரம். ஆறாவது மாடியில் நான்கு பெண்கள் ஏறினார்கள். அத்தையைப் பார்த்ததும் பட்டன் அக்கா சுவரோடு ஒட்டி நின்று இடம் விட்டார்.

“அம்மா! ராணி கோட்டையை விட்டு இறங்கிட்டாங்களா?”

“ராணியா? ஆயுள் கைதின்னு சொல்லு. பரோல் கொடுத்திருக்காங்க.”

கூண்டு இறங்கத் தொடங்கியதும் அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு மாடியின் வெளிச்சமும் கம்பிகள் வழியாக அவர் முகத்தில் கோடு கோடாக விழுந்து போனது. தெருவில் கால் வைத்ததும் சற்று நின்றார். ஐந்து மாதமாக மேலிருந்து பார்த்த கடைகளைக் கீழிருந்து பார்க்க அடையாளம் தெரியவில்லை என்றார். இரண்டு தெருவைக் கடக்க எங்களுக்கு அரை மணி நேரம் ஆனது.

சின்னத்தையின் வீட்டில் சுவர்கள் மட்டுமே இருந்தன. கட்டிவைத்த பெட்டிகள் மேல் இருவரும் உட்கார்ந்தார்கள்.

“உன் முகத்துல இவ்வளவு சுருக்கமா? மாடியில நின்னப்ப தெரியலையேக்கா.”

“ஏழு மாடி தூரத்துல எல்லாரும் குமரிதான்.”

பிறகு பெரிதாக எதுவும் பேசவில்லை. எந்த மாத்திரையை எந்த வேளை போடுவது, புது ஊரில் குளிருமா, ஜன்னல் திரையைக் கழற்றலாமா வேண்டாமா. சின்னத்தை அக்காவின் முழங்காலைப் பேச்சின் நடுவே தேய்த்துவிட்டுக்கொண்டே இருந்தார். ஐந்து மணிக்குப் பையன் வண்டியோடு வந்தான். வீட்டைப் பூட்டிச் சாவியை அடுத்த வீட்டில் கொடுத்தான். அத்தை வண்டி திரும்பும் வரை நின்றார். அழவில்லை. திரும்பி வரும்போது முன்னைவிட மெதுவாக நடந்தார்.

ஆறு மணிக்குக் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில், காவல்காரரின் ஸ்டூலில் அத்தையை உட்காரவைத்தேன். படி விளக்குகள் எரிந்தன. யோசித்துக்கொண்டே வந்ததில் எனக்கு ஒன்றும் தோன்றியிருக்கவில்லை. ஸ்விட்சை மீறி லிஃப்டை ஏற்ற ஒரு சாவி உண்டு. அதை மெஷின் அறையில்தான் திருப்ப முடியும். சாவி எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும்.

வேலை முடிந்து வந்தவர் அம்மாவைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

“இறங்கிட்டியா?”

“இறங்கிட்டேன்.”

“நாளைக்குப் பத்து மணி வரைக்கும் சின்னம்மா வீட்டுல...”

“பூட்டியாச்சுடா. அவ போயாச்சு.”

லிஃப்டைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். பிறகு தன் கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு, அம்மாவுக்கு முதுகைக் காட்டிக் குந்தி உட்கார்ந்தார்.

“ஏறிக்கோ.”

“டேய், பைத்தியமா உனக்கு?”

“ஏறும்மா.”

அத்தை என்னைப் பார்த்தார். நான் கீழே பார்த்தேன். அத்தை அவர் கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்டார்.

முதல் மாடி வரை எளிதாகவே இருந்தது. அத்தை முதுகிலிருந்து பேசிக்கொண்டே வந்தார். “சின்ன வயசுல நீ இப்படித்தான். முதுகுல ஏறினா இறங்கவே மாட்டே.” இரண்டாவது மாடியில் பேச்சு நின்றது. அவர் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்துவைத்து நின்று ஏறினார். மூன்றாவது மாடித் திருப்பத்தில் சுவரில் கையை ஊன்றினார். கை வழுக்கியது. அம்மாவை மெல்லப் படியில் இறக்கிவிட்டு, பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவருடைய தொடைகள் தாமாக நடுங்கின. அவற்றைக் கையால் அமுக்கிப் பிடித்தார், நடுக்கம் நிற்கவில்லை.

மேலே பட்டறையில் மணி அடித்தது. லிஃப்ட் ஆறு பேரோடு எங்களைத் தாண்டி இறங்கியது. கம்பிக்குள்ளிருந்து பெண்கள் எங்களைப் பார்த்தார்கள். யாரும் கிண்டல் பண்ணவில்லை. ஒரு நிமிடத்தில் அதே லிஃப்ட் காலியாகத் திரும்பி வந்தது. ஆறு பேர் நிற்கக்கூடிய இடம் எங்களுக்கு ஒரு கை தூரத்தில் மெதுவாக மேலே போனது. மறுபடி நிறைந்து இறங்கியது. மறுபடி காலியாகப் போனது. அவர் தலையைத் திருப்பித் திருப்பி அதையே பார்த்தார்.

“அம்மா எவ்வளவு வெயிட்?” என்று கேட்டார்.

“எழுபது கிலோ.”

“எழுபதுதானா?”

“உங்க வெயிட்டும் அவ்வளவுதான். அத்தையோட கனம், உங்க கனம், ரெண்டையும் சேர்த்துத்தான் தூக்கினீங்க.” என் குரல் படிக்கட்டில் எனக்கே அந்நியமாகக் கேட்டது. நிறுத்தினால் திரும்ப வராது என்று தெரிந்ததால் நிறுத்தவில்லை. “அத்தையை லிஃப்டில ஏழாவது மாடிக்குத் தூக்க ஆகுறது, இந்த ஒரு விளக்கு நாற்பத்தெட்டு நிமிஷம் எரியறதுக்குச் சமம். அவ்வளவுதாங்க. கணக்குப் போட்டேன்.”

அவர் தலைக்கு மேல் எரிந்த சின்ன விளக்கை நிமிர்ந்து பார்த்தார்.

“இந்த விளக்கா?”

“இதுதான். இப்ப நீங்க ஏறின மாதிரிதான் அறுபது பேரும் ஏறுறாங்க, ஒரு நாளைக்கு ரெண்டு தடவை. அவங்க ஏறினது எதுவோ அதுதான் பேட்டரியில இருக்கு. வேற எங்க இருந்தும் வரலை. ஞாயித்துக்கிழமை அவங்க வர்றதில்லை, அதான் இறங்குது.”

அவர் தொடையிலிருந்து கைகளை எடுத்தார்.

“நீ சரின்னு சொன்னியே.”

“எப்ப?”

“மாடியில. துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தே. ‘ம்’னு சொன்னியே.”

“வாயில கிளிப் இருந்துச்சுங்க.”

அத்தைதான் முதலில் சிரித்தார். அடக்கப் பார்த்து, முடியாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என் கணவருக்குச் சிரிப்பு வரவில்லை.

“அந்த இன்ஜினியருக்கு இது தெரியுமா?”

“தெரியும்.”

“ஓனருக்கு?”

“தெரியுமாம்.”

“அப்ப எனக்கு மட்டும்தான்...” என்று சொல்லி நிறுத்தினார். அத்தையின் சிரிப்பும் நின்றது. என் கணவர் சட்டைப் பையில் கைவிட்டு, சாவியை எடுத்து, என் கையில் வைத்தார். “போய்ப் போடு.”

எழுபத்திரண்டு படி மீதி இருந்தது. எனக்குப் பழக்கம்தான், ஆனாலும் ஐந்தாவது மாடியில் நின்று மூச்சு வாங்கினேன். மெஷின் அறையில் சாவியைத் திருப்பி லிஃப்டை மூன்றாவது மாடிக்கு அனுப்பினேன். கீழே கம்பிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பெரிய சக்கரம் சுற்றத் தொடங்கியது. நான் மீட்டரைப் பார்த்தேன். எடைக்கட்டு மூன்று ஆள் கனம், கூண்டில் இரண்டு பேர், மீதி உராய்வு. முள் எந்தப் பக்கமும் போகாமல் நடுவிலேயே நின்றது. அவர்கள் வந்து சேர்ந்தார்கள்.

மறுநாள் பத்து மணிக்கு இன்ஜினியர் வந்தார். கையில் காகிதத்தில் சுற்றிய ஏதோ இருந்தது. குறிப்பேட்டின் கடைசி வரியில் விரலை வைத்தார்.

“ஏறியவர்கள் ரெண்டா? யாரு?”

“நானும் எங்கம்மாவும்,” என்றார் அவர்.

“பரவாயில்ல. டெஸ்ட்டுன்னு போட்டுக்கலாம்.”

“சார், இது சும்மா ஓடலை. ஆளுங்க ஏறுறதுலதான் ஓடுது.”

இன்ஜினியர் என்னை ஒரு தடவை பார்த்தார். கோபப்படவில்லை. “தெரிஞ்சிடுச்சா? அதனால என்ன? ஓடுதுல்ல.”

“எனக்கு வேணாம் சார். பழையபடி லைன் கொடுத்துடறேன். புது மோட்டார் வந்தா...”

“எதுக்கு? உங்க டிராயிங் எல்லாம் ஆபீஸ்ல இருக்கு. ஓனர் பார்த்தாச்சு. பதினோரு பலகையும் அடிச்சு வந்தாச்சு.” காகிதத்தைப் பிரித்தார். தகரப் பலகை. நீலத்தில் வெள்ளை எழுத்து: ‘ஏறப் படி. இறங்க லிஃப்ட்.’ என் கணவர் எழுதிய அதே வார்த்தைகள். “இதை நீங்களே மாட்டிடுங்க. அப்புறம் அந்தச் சாவி. இனிமே எல்லாக் கட்டிடத்துச் சாவியும் ஆபீஸ்லதான் இருக்கும். அவசரம்னா போன் பண்ணுங்க.”

என் கணவர் கழிவறைக்குப் போய்விட்டு வருவதாகச் சொல்லி உள்ளே போனார். வந்து சாவியைக் கொடுத்தார்.

கையெழுத்துக்கான தாளை இன்ஜினியர் என் பக்கம் தள்ளினார். நான் பேனாவைத் தொடவில்லை. “போட மாட்டேன்,” என்றேன். அவ்வளவு தெளிவாக நான் யாரிடமும் எதையும் சொன்னதில்லை.

“சரி மேடம்,” என்றார் இன்ஜினியர், தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே. “கட்டாயம் இல்ல.”

லிஃப்டில் இறங்கிப் போனார்.

மதியம் கணவர் தரையில் பழைய செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தார். குளிக்கும் சோப்பு ஒன்று பக்கத்தில் இருந்தது. அதில் சாவியின் அச்சு பதிந்திருந்தது. காலையில் உள்ளே போனது இதற்குத்தான். ஒரு பித்தளைத் துண்டை விரலுக்கிடையில் பிடித்து, அச்சைப் பார்த்துப் பார்த்து, சின்ன அரத்தால் அராவ ஆரம்பித்தார். பித்தளைத் தூள் செய்தித்தாளில் விழுந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து சோப்பை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்துக்கொண்டேன்.

அத்தை கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னடா பண்றே?”

“உனக்குத்தாம்மா. ரெண்டு நாள்ல முடிச்சுடுவேன். நீ எப்ப வேணா இறங்கலாம், எப்ப வேணா ஏறலாம். எவனையும் கேக்க வேணாம்.”

அத்தை முழங்கால் மேல் இருந்த துணியை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

“சரி, செய்யி. ஆனா இறங்கி எங்கடா போறது?” என்றார். “இனிமே கீழ யாரு இருக்கா எனக்கு?”

என் கணவர் நிமிரவில்லை. பித்தளைத் துண்டை உதட்டருகே கொண்டுபோய்த் தூளை ஊதினார். அச்சோடு வைத்துப் பார்த்தார். இரண்டாவது பல் இன்னும் பெரிதாக இருந்தது. மறுபடி அராவத் தொடங்கினார்.